முன்கம்பு வெண்டல்

போர்ட் லாம்பர்ட்டில் தபால்காரர் வெண்டல் கோஸாரைத் தெரியாதவர்கள் என்றால் ஒன்று நேற்றுத்தான் ஊருக்குக் குடி வந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். பார்க்காதவர்கள் ஊரில் மொத்தம் ஒன்பது பேர் இருக்கலாம். அவர்களும் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

வாரத்தில் ஆறு நாள் அவர் தோளில் தபால் பை தொங்கும். ஏரியைப் பார்த்த மூன்று தெருக்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோக்கர்ஸ் அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருந்தால், கையில் ஆரஞ்சு நிறத்தில் ஆளுயரக் கம்பு இருக்கும். பத்து கஜச் சங்கிலியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பு. பின்கம்பை ஒருத்தர் பிடிப்பார், முன்கம்பு வெண்டலுடையது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியோ எறிந்தோ முன்னேறும் அணிக்கு நாலு முறை; அதற்குள் பந்து முன்கம்பை எட்டிவிட்டால் அது அவர்களிடமே இருக்கும், மறுபடி நாலு முறை ஆடலாம். மயிரிழை குறைந்தாலும் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த மயிரிழை எங்கே இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிற வேலையை இருபத்தாறு வருஷமாக வெண்டல் செய்துவந்தார்.

சங்கிலிக் குழுவில் எட்டுப் பேர். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், தொட்டிலிலேயே ஸ்டோக்கர்ஸ் துணியைப் போட்டு வளர்க்கப்பட்டவர்கள். ஆனால் ஆட்டத்தன்று அந்த மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டால் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, பல்லைக் காட்டக் கூடாது. சொந்த அணி கடைசி நொடியில் ஜெயித்தாலும் மரம் மாதிரி நிற்க வேண்டும். எழுபதாயிரம் பேர் துள்ளிக் குதிக்கிற இடத்தில் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று நின்றவர்களைக் கேட்டால்தான் தெரியும். வெண்டல் உள்கன்னத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். பல் டாக்டர் ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் பசங்க நல்லா ஆடினாங்க போலிருக்கே" என்பார்.

அவர் இந்த வேலைக்கு வந்த கதை ஒன்று உண்டு. குழுத் தலைவர் ஹார்லன் பிட்னர், அப்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வீடு வெண்டலின் தபால் வழியிலேயே. பழைய முன்கம்பு ஆள் இடுப்பு ஒடிந்து படுத்திருந்த சமயம், ஹார்லன் வாசலில் நின்று வெண்டலை மறித்தார்.

"எதிர் வீட்டுக்கு ஃப்ளோரிடாலேர்ந்து ஒரு போஸ்ட்கார்டு வந்துதே. என்னப்பா எழுதியிருக்கான் அவன்?"

"அது உங்களுக்கு வந்ததா சார்?"

"இல்ல."

"அப்ப உங்க கரண்ட் பில்லை வாங்கிக்கிட்டு உள்ள போங்க."

ஹார்லன் கரண்ட் பில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் அங்கி இருந்தது. பரீட்சை என்றால் இதுதான் மொத்தப் பரீட்சையும்.

வெண்டலின் மனைவி வெர்லாவுக்கு இந்த மரமாக நிற்கிற சமாசாரம் எல்லாம் ஒத்துவராது. பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், குரல் அதற்கேற்ற மாதிரி இருக்கும். மைதானத்தில் நூற்றுப் பதினான்காம் பகுதி, ஒன்பதாவது வரிசை, அவளுடைய அப்பா விட்டுப்போன இருக்கை. அங்கே உட்கார்ந்து அவள் கத்துவது களத்துக் கோடு வரைக்கும் கேட்கும் என்பார் வெண்டல். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ஸ்டோக்கர்ஸ் தோற்ற அன்று வீட்டில் அடுப்பு எரியாது. நாலு ஜெயித்துப் பதின்மூன்று தோற்ற வருஷங்களில் இரண்டு பேரும் பாலில் சோளப்பொரியைப் போட்டுத் தின்றே குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

"ஏய்யா, அவ்வளவு பக்கத்துலதானே நிக்கிறே? அந்தப் பந்து எறியுற குவார்ட்டர்பேக் காதுல 'பந்தைக் கீழ போடாதடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"பேசக் கூடாது வெர்லா."

"கோடி கோடியா வாங்குறவனுக்கு ஒரு ரூலும் தெரியலை. உனக்குத்தான் எல்லா ரூலும்."

வெர்லாவின் தம்பி ரோலோவும் அதே குழுவில்தான் இருந்தான். குழாய் வேலை பார்ப்பவன். பதினாறு வருஷத்துக்கு முன் வெண்டல் சிபாரிசில் சேர்ந்தவன். அவன் கையில் இருப்பது ஒரு சின்னக் கிளிப் மட்டும். ஆனால் அந்தக் கிளிப் இல்லாவிட்டால் சங்கிலியே வீண். களத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோட்டின் அகலம் நாலு அங்குலம். ஓரத்தில் கிடக்கிற சங்கிலி அந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில், கோட்டின் பின்விளிம்புக்கு நேராக ரோலோ கிளிப்பை மாட்டுவான். அளக்க வேண்டி வந்தால் நடுவர் கிளிப்பைப் பிடித்தபடி சங்கிலியைக் களத்துக்குள் கொண்டுபோய், அதே கோட்டின் பின்விளிம்பில் வைப்பார். எப்போதும் பின்விளிம்புதான். தவறிப்போய் முன்விளிம்பில் மாட்டிவிட்டால், உள்ளே அளக்கும்போது சங்கிலி நாலு அங்குலம் பின்னால் போய்விடும், முன்கம்பும் அவ்வளவு கிட்டே வந்துவிடும். பந்து வைத்திருப்பவனுக்கு லாட்டரி அடித்த மாதிரி. பதினாறு வருஷத்தில் ரோலோ ஒரு தடவைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை.

அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லாமல் வெண்டலைப் பற்றிச் சொல்ல முடியாது. செப்டம்பரில் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் நாற்பத்தொன்றுக்கு மூன்று. சரி, ஏமாந்த அணி ஒன்று மாட்டியது என்று ஊர் நினைத்தது. அடுத்தது முப்பத்தெட்டுக்கு ஆறு. அதற்கடுத்த வாரம், முந்தைய வருஷத்துச் சாம்பியன்கள் மிதப்பாக வந்து, பாதி ஆட்டத்திலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு ஆட்டத்தில் பதினைந்து வெற்றி, வெளியூரில் மட்டும் இரண்டு தோல்வி. உள்ளூரில் ஆடிய ஒன்பதில் ஒன்பதும் ஜெயம். ஸ்டோக்கர்ஸ் இப்படி ஆடுவார்கள் என்று முந்தைய வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

தபால் கொடுக்கப் போகிற வழியெல்லாம் வெண்டலுக்கு ராஜ உபசாரம். பதினோரு வருஷமாகக் கதவைத் திறக்காத கெஸ்லர் தெருக் கிழவர் கதவைத் திறந்து, "அந்த மூணாவது முறை பந்து எட்டிச்சா இல்லையா, உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். ஆறு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தைப் பதினோரு நிமிஷத்தில் முடிக்கப் பழகிக்கொண்டார், அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர். வெர்லாவின் அடுப்பு அணையவே இல்லை. உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை, முட்டைக்கோசில் சுற்றிய இறைச்சி, கசகசா ரொட்டி என்று வாரம் ஒன்றாகப் போட்டாள். வெண்டலின் அங்கி வயிற்றருகே பொத்தான் போட மறுத்தது. ஐம்பத்தைந்து வயதில் அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான இலையுதிர்காலம் வந்ததில்லை. தபால் பையைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பும்போது, யாரிடம் என்று தெரியாமலே நன்றி என்று முணுமுணுப்பார்.

முதலிடம் பிடித்ததால், தோற்றவர் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் சுற்றில் முதல் வாரம் ஓய்வு. அதுவே கெட்டதாகப் போயிற்று என்று பிறகு சொன்னவர்கள், அந்த வாரம் ஓய்வு கிடைத்ததே என்று குதித்தவர்கள்தான். இரண்டாவது வாரம், ஜனவரிச் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, பாலைவன ஊர் அணி ஒன்று வந்து இறங்கியது. பத்தே ஆட்டம் ஜெயித்து எப்படியோ உள்ளே நுழைந்தவர்கள். பனியைப் பார்த்தாலே நடுங்குவார்கள் என்றது ஊர்.

நடுங்கவில்லை. ஏரிக்காற்றில் பனி பக்கவாட்டில் அடித்தது. ஸ்டோக்கர்ஸ் குவார்ட்டர்பேக் செப்டம்பரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்துவந்தது போன்ற பந்தெல்லாம் அன்று யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டு தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள். கடைசி நிமிஷத்தில் இருபதுக்கு இருபத்துநாலு என்று பின்தங்கி இருந்தார்கள். இலக்குக்கு முப்பது கஜம் இருந்தது, தொட்டால் ஆறு புள்ளி, கையில் பந்து இருந்தது. மூன்றாவது முறை ஆடி முடித்தபோது முன்கம்புக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. ஸ்டோக்கர்ஸ் இடைவேளை கேட்டார்கள்.

அந்த இடைவேளையில்தான் துடைப்பக்காரர்கள் ஓடிவந்து ஓரக்கோடுகளில் கிடந்த பனியைத் தள்ளினார்கள். பனி விலகியதும் வெள்ளைக் கோடு முழுசாகத் தெரிந்தது. வெண்டல் வழக்கம்போல் சங்கிலியை முனையிலிருந்து முனைவரை ஒரு பார்வை பார்த்தார். கிளிப் முன்விளிம்பில் இருந்தது.

புரிந்துகொள்ள ஒரு வினாடி போதுமாக இருந்தது. ரோலோ மாட்டியபோது கோட்டைப் பனி மூடி, ஒரு விளிம்பு மட்டும் தெரிந்திருக்கிறது. தெரிந்த விளிம்பைப் பின்விளிம்பு என்று நினைத்துத் தடித்த கையுறையோடு மாட்டியிருக்கிறான். ஏரிக்கரை ஊரில், ஜனவரியில், அந்தக் காற்றில் மட்டும் வரக்கூடிய தப்பு அது.

வெண்டல் நிமிர்ந்து ரோலோவைப் பார்த்தார். ரோலோவும் குனிந்து கிளிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கி வெண்டலின் கண்ணைப் பார்த்தான். மிகக் கொஞ்சமாக, இடமும் வலமுமாகத் தலையை அசைத்தான். வேண்டாம், விடு என்று அர்த்தம்.

வெண்டல் பார்வையை மறுபடி கிளிப்புக்குக் கொண்டுபோனார். பொய் சொல்ல வேண்டியதில்லை. எதையும் தொட வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக எதைச் செய்தாரோ அதையே செய்தால் போதும், மரம் மாதிரி நின்றால் போதும். ஒரு முழத்துக்காக நாலாவது முறை முட்டி மோதப்போகிறார்கள், கண்டிப்பாக அளப்பார்கள், நாலு அங்குலம் தானாக வந்து சேரும். எழுபதாயிரம் பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பம். நூற்றுப் பதினான்காம் பகுதியில் வெர்லா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

கையைத் தூக்கிவிட்டார். ஏன் தூக்கினீர்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஓர நடுவர் கிட்டே வந்தார். வேறு மாநிலத்துக்காரர், வெண்டல் அன்றைக்குத்தான் அவரை முதல் தடவை பார்க்கிறார்.

"சார், கிளிப் முன்விளிம்புல இருக்கு."

நடுவர் குனிந்து பார்த்தார். சங்கிலி கிடந்த இடத்தில் அசையாமல் கிடந்ததால் சரிசெய்வது சுலபம். கிளிப்பைக் கழற்றிப் பின்விளிம்புக்கு நேராக மாட்டச் சொன்னார். ரோலோதான் மாட்டினான்.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. நாலாவது முறை, பெரிய உருவம் கொண்ட ஓட்டக்காரன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆள்குவியலுக்குள் தலையைக் கொடுத்துப் பாய்ந்தான். விசில் ஊதினார்கள். ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டுப் பந்தை வைத்தார்கள். தலைமை நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார். ஹார்லன் பின்கம்போடு ஓடினார், நடுவர் கிளிப்பைக் கோட்டில் அழுத்திப் பிடித்தார், வெண்டல் முன்கம்பை இழுத்தார். சங்கிலியில் ஒரு வளையம்கூடத் தொய்யாமல் விறைத்து நிற்கும்வரை இழுப்பது அவர் வழக்கம். இழுத்துக் கம்பைப் புல்லில் ஊன்றினார்.

பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருந்தது.

நடுவர் இரண்டு கையையும் தூக்கி அந்த இடைவெளியைக் கூட்டத்துக்குக் காட்டினார். பெரிய திரையில் வெண்டலின் கையுறையும் கம்பும் பந்தும் தெரிந்தன. எழுபதாயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள். பாலைவன ஊர்க்காரர்கள் பந்தை வாங்கி, மூன்று தடவை மண்டியிட்டு, நேரத்தை ஓட்டி முடித்தார்கள். அந்த ஒரு முழம் கிடைத்திருந்தால் இலக்குவரை போய் ஜெயித்திருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைப் போர்ட் லாம்பர்ட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், உதை விழும்.

வெளியே போகும் வழியில் அந்த ஓர நடுவர் வெண்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரோலோ தன் அங்கியைக் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டு, மச்சான் என்றும் கூப்பிடாமல் திரும்பிப் பார்க்காமல் போனான். வழக்கமாக மூவரும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குப் போவார்கள். அன்று ரோலோ நடந்து போனான்.

வண்டியில் வெர்லா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டியதும், "ரெண்டு விரல்" என்றாள். சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி, "ரெண்டே ரெண்டு விரல்" என்றாள். வெண்டல் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. சங்கிலிக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளூரில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை எட்டுப் பேரும் துறைமுகத் தெருச் சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். அந்த வருஷம் தான் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து நின்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். ஹார்லன் அதை ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்வார். தப்பே செய்யவில்லை என்று சொல்கிறவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு: அவரவர் தப்பை அவரவர்தான் சொல்லலாம், அடுத்தவர் தப்பைச் சொல்லவே கூடாது.

அதனால் வெண்டலுக்கு வாய் கட்டிப்போட்ட நிலை. கிளிப் கதையை அவிழ்த்தால் ரோலோவின் தப்பைச் சொன்னதாகும். ரோலோ சொல்லாமல் விட்டால், சாகும்வரை இருவருக்கும் நடுவே அந்த நாலு அங்குலம் கிடக்கும். ரோலோ சொல்லிவிட்டாலோ, ஸ்டோக்கர்ஸின் அதிர்ஷ்டத்தைக் கையைத் தூக்கிக் கெடுத்த ஆள் தபால்காரன் வெண்டல் என்று மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலையும் அவர் திங்கட்கிழமை மிதித்தாக வேண்டும். அதைவிட, வெர்லாவுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு நானும் வர்றேன்" என்றாள் வெர்லா, பூசை முடிந்து மாதாகோயிலை விட்டு வெளியே வந்ததும்.

"அது குழுவுக்கு மட்டும்."

"நான் உங்க மேஜைக்கு வரலை. தள்ளி உட்கார்ந்து காபி குடிக்கிறேன். வீட்டுல உட்கார்ந்தா சுவரைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

கடை நிறைய ஆள். எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை, எல்லோர் முகமும் சாவு வீட்டு முகம். பயிற்சியாளரைத் திட்டுகிறவர்கள் ஒரு மேஜை, குவார்ட்டர்பேக்கைத் திட்டுகிறவர்கள் இன்னொரு மேஜை. வெர்லா கல்லா ஓரம் உயர நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரோலோ முன்பே வந்து மேஜைக் கோடியில் இருந்தான். வெண்டலைப் பார்த்ததும் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஹார்லன் முதலில் எழுந்தார். நவம்பர் ஆட்டத்தில் பனித்தொப்பி கண்ணை மறைத்து, எதிரணித் தண்ணீர்ப் பீப்பாயில் போய் உட்கார்ந்ததைச் சொன்னார். அந்தக் கடையில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது. அடுத்த ஆள் விசில் ஊதுமுன் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னார். இப்படியே ஐந்து பேர். பிறகு ரோலோவின் முறை.

ரோலோ எழுந்து நின்றான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"நேத்து. கடைசி நிமிஷம். கிளிப்பை முன்விளிம்புல மாட்டிட்டேன்."

ஹார்லனின் பேனா நின்றது. பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது.

"பனி மூடியிருந்துது, தெரியாம மாட்டினது. நான் சொல்ல வந்த தப்பு அது இல்ல. பெருக்கினப்புறம் கோடு தெரிஞ்சுது. நான் பார்த்துட்டேன். மச்சானும் பார்த்துட்டார். நான் 'விடு'ன்னு தலையை ஆட்டினேன். அவர் விடலை, கையைத் தூக்கிட்டார். ரெண்டு விரல்ல போச்சே, கிளிப் நான் மாட்டின இடத்துலேயே இருந்திருந்தா தாராளமா வந்திருக்கும். நேத்து சாயங்காலம் பூரா இவரைத் திட்டிக்கிட்டே நடந்தேன். காலையில ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்தேன். இவரைத் திட்ட எனக்கு வாய் வரலை." ஹார்லன் பக்கம் திரும்பினான். "தலையை ஆட்டினது என் தப்பு. எழுதிக்குங்க."

பக்கத்து மேஜையிலிருந்து கப்பல் துறை ஆள் ஒருவன், கதவு அளவு அகலம், மெதுவாக எழுந்தான்.

"அப்போ... இந்தத் தபால்காரன் சும்மா இருந்திருந்தா நமக்குக் கிடைச்சிருக்கும். அப்படித்தானே?"

வெண்டல் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் உயர நாற்காலி கிறீச்சிட்டது. வெர்லா இறங்கி வந்தாள்.

"டேய், நிஜமாவா?"

"ஆமாக்கா."

வெண்டல் பக்கம் திரும்பினாள். "ஏன்யா எங்கிட்ட சொல்லலை?"

"அடுத்தவங்க தப்பைச் சொல்லக் கூடாதே வெர்லா."

"உன் பங்கைச் சொல்லியிருக்கலாமே. கையைத் தூக்கினது நீதானே?"

வெர்லாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு, உணவுக்கூடத்தில் தட்டு எண்ணுகிற குரலில் கேட்டாள்:

"முதல் ஆட்டத்துல நாலாவது முறை அளந்தீங்களே, ஒரு முஷ்டி அளவு தாண்டியிருந்துதே, அது?"

"கிளிப் சரியா இருந்துது."

"டிசம்பர்ல? பந்து மூக்கு கம்பை உரசிக்கிட்டு நின்னுதே? நான் பக்கத்து சீட்டுக்காரர் தொப்பியைப் பிச்சேனே?"

"உரசினது நிஜம். நான்தான் இழுத்துப் பிடிச்சேன்."

"இங்க ஜெயிச்ச ஒன்பதும்?"

"ஒன்பதும் சுத்தம் வெர்லா. ஒரு அங்குலம்கூட ஓசியில வாங்கலை."

"வெளியூர்ல ஆறு. அங்கயும் உன்னை மாதிரி எவனோ ஒரு தபால்காரனோ தச்சனோ கம்பைப் பிடிச்சிருப்பான். அவன் ஊர் தோத்துக்கிட்டு இருக்கும்போது, நமக்குச் சரியா அளந்து குடுத்திருப்பான். இல்ல?"

"குடுத்திருக்கான். ஆறு ஊர்லயும்."

வெர்லா கப்பல் துறை ஆள் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? பதினஞ்சும் நம்மளது. நேத்து இந்த ஆள் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா, அந்தப் பதினஞ்சுல எது நிஜம்னு நான் சாகுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருப்பேன். இப்ப யோசிக்க வேண்டாம். எனக்கு இப்படி ஒரு வருஷம் வாழ்க்கையில கிடைச்சுது, அதை எவனும் பிடுங்க முடியாது. போய் உட்காருய்யா, முட்டை ஆறிப்போகுது."

அவன் நின்றான். வெண்டலைப் பார்த்தான், ரோலோவைப் பார்த்தான். "பதினஞ்சு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

வெண்டல் உள்கன்னத்தைக் கடிக்கப் பார்த்தார், அது அன்று பலிக்கவில்லை. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி ரோலோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நன்றி மாப்ள."

"எனக்கு எதுக்கு?"

"சொன்னியே, அதுக்கு."

ஹார்லன் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "வெண்டல், உன் முறை. தப்பு ஏதாவது உண்டா, இல்ல ஏப்ரனைக் கட்டிக்கிறியா?"

வெண்டல் எழுந்தார். கடை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் வெர்லாவைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்துட்டு, நேத்து சாயங்காலம் இவளைப் பார்த்துப் பயந்தேன். அதுதான் என் தப்பு."

ஹார்லன் அதை எழுதிக்கொண்டார். வெர்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குழுவுக்கு மட்டுமான அந்த மேஜையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.